வயதைத் துரத்தும் "பெரிசு"கள்! 60-ல் பாதி மாரத்தான், 70-ல் முழு மாரத்தான்!

சென்னை ரோடுகளில் விடிவதற்கு முன்பே ஒரு கூட்டம் ஓடிக் கொண்டு இருக்கிறது.

திருடனைத் துரத்திக் கொண்டு அல்ல. பஸ்சைப் பிடிக்கவும் அல்ல. வயது தங்களைப் பிடித்து விடக் கூடாது என்று ஓடுகிறார்கள்!

மெரினா கடற்கரை சாலை, பெசன்ட் நகர், அண்ணா நகர், கிழக்கு கடற்கரை சாலை என்று நகரத்தின் எந்த மூலைக்குப் போனாலும் இவர்களைப் பார்க்கலாம். அரைக்கால் சட்டை, பளபளக்கும் பனியன், கையில் கடிகாரம். தலையைப் பார்த்தால் நரை. காலைப் பார்த்தால் காளை!

இவர்கள் பதக்கம் வாங்கப் பிறந்த வீரர்கள் அல்ல. ஆபீசில் பைல் பார்க்கிறவர்கள். கடை வைத்து இருக்கிறவர்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள். பேரன், பேத்தி எடுத்த பாட்டிமார்களும் உண்டு.

"இந்த வாரம் எவ்வளவு?"

ஓட்டம் முடிந்ததும் டீக்கடை பக்கம் ஒதுங்குவார்கள். வேர்வை காய்வதற்குள் பேச்சு தொடங்கி விடும்.

"என்ன சார், இந்த வாரம் எவ்வளவு?"

"முப்பத்திரண்டு கிலோ மீட்டர். முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுது. உங்களுக்கு?"

"நாற்பது. ஜனவரியிலே பாதி மாரத்தான் இருக்கே. இரண்டரை மணி நேரத்திலே முடிச்சா போதும் சார்."

இந்த மாதிரிதான் பேச்சு போகும். சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பது இல்லை. சொந்த வீடா, வாடகை வீடா என்றும் கேட்பது இல்லை. வாரத்துக்கு எத்தனை கிலோ மீட்டர்? அடுத்த பந்தயம் எது? எத்தனை மணி நேரத்தில் முடிக்கப் போகிறீர்கள்? இந்த 3 கேள்விதான்.

வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது வெட்டிப் பேச்சாகத் தெரியும். ஆனால் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

மனதுக்குள் வைத்துக் கொண்ட சபதம் ஒரு மழைக்குக் கரைந்து போகும். நாலு பேரிடம் வாயை விட்டுச் சொல்லி விட்டால்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நாலு பேர் முகத்திலே முழிக்க வேண்டுமே! அதற்காகவே அலாரம் அடித்ததும் எழுந்து விடுகிறார்கள்.

"சென்னை ரன்னர்ஸ்" என்ற அமைப்பு 2006-ம் ஆண்டு தொடங்கியது. இன்று ஏரியாவுக்கு ஒரு கோஷ்டி ஓடுகிறது. ஜனவரி மாதம் நடக்கும் சென்னை மாரத்தான்தான் இவர்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம்.

7 நாள் கணக்கு

சும்மா கண்ணை மூடிக் கொண்டு ஓடுவது இல்லை. வாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மறுநாள் ஓய்வு. நடுவாரத்தில் 2 நாள் சின்ன ஓட்டம். ஒரு நாள் வேக ஓட்டம். இன்னும் ஒரு நாள், 2 நாள் தொடைக்கும் இடுப்புக்கும் தேகப்பயிற்சி. பொதுவான கணக்கு இது.

நீண்ட ஓட்டத்தை மெதுவாகத்தான் ஓட வேண்டும். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக் கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி. பேச்சு வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதற்கு மெஷின் தேவை இல்லை. வாய் போதும்!

இன்னொரு பழைய சட்டமும் உண்டு. போன வாரம் ஓடிய தூரத்தை விட இந்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. போன வாரம் 30 கிலோ மீட்டர் என்றால் இந்த வாரம் 33. அதோடு நிறுத்திக் கொள்ள வேண்டும். ஆசைப்பட்டு 45-க்குப் போனால் அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வரிசையில்தான் நிற்க வேண்டி வரும்.

25 வயதுக்காரருக்கும் 60 வயதுக்காரருக்கும் பெரிய வித்தியாசம் ஓட்டத்தில் அல்ல, ஓய்வில் இருக்கிறது. இளவட்டம் இன்று வேகமாக ஓடி விட்டு நாளையும் ஓடும். 60 வயதுக் காலுக்கு அலுப்பு தீர 2 நாள், 3 நாள் ஆகும். இதை ஒப்புக் கொண்டவர்கள்தான் வருடக் கணக்கில் ஓடுகிறார்கள்.

சென்னையில் இன்னொரு எதிரியும் உண்டு. அது புழுக்கம். காற்றில் ஈரம் அதிகமாக இருப்பதால் வேர்வை கொட்டுமே தவிர காயாது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு சூடு தணியும்? அதனால்தான் பெரிய பந்தயத்தை ஜனவரியில் வைக்கிறார்கள். அதையும் இருட்டோடு இருட்டாகத் தொடங்கி விடுகிறார்கள்.

முழு மாரத்தான் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். 1908-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-ம் ஆண்டு அதையே நிரந்தரமாக்கி விட்டார்கள். பாதி மாரத்தான் என்றால் 21 கிலோ மீட்டர் சொச்சம்.

கல்லறையில் பயிற்சி!

வயதான ஓட்டக்காரர்கள் கூடிப் பேசும் போது ஒரு பெயர் அடிக்கடி அடிபடும். அவர்தான் எட் விட்லாக்.

1931-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். கனடாவில் குடியேறிய சுரங்க என்ஜினீயர். இளமையில் ஓடி விட்டு, வேலை, குடும்பம் என்று விட்டு விட்டார். 40 வயதுக்கு மேல் மறுபடியும் ஓடத் தொடங்கினார்.

இவர் பயிற்சி எடுத்த இடம் மைதானம் அல்ல. மில்டன் என்ற ஊரில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டம்! மனுஷன் தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வருவார். சில நாள் 3 மணி நேரம் வரை ஓடுவார். போக்குவரத்து இல்லை, சிக்னல் இல்லை, வழி மறிக்க ஆளும் இல்லை!

2003-ம் ஆண்டு, 72 வயதில், முழு மாரத்தானை 2 மணி 59 நிமிடம் 10 வினாடியில் முடித்தார். 70 வயதுக்கு மேல் 3 மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்தான். அடுத்த ஆண்டு 73 வயதில் இன்னும் வேகம். 2 மணி 54 நிமிடம் 48 வினாடி!

2016-ம் ஆண்டு அக்டோபரில், 85 வயதில், டொரோண்டோவில் 3 மணி 56 நிமிடம் 34 வினாடியில் ஓடி முடித்தார். ஐந்தே மாதம். 2017-ம் ஆண்டு மார்ச் 13-ந்தேதி புற்றுநோயால் இறந்து போனார்.

கணக்கைக் கவனிக்க வேண்டும். 73 வயதுக்கும் 85 வயதுக்கும் நடுவே இந்த மகா ஓட்டக்காரருக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகம் குறைந்து விட்டது. கடிகாரம் யாருக்கும் சலுகை காட்டாது. ஆனாலும் அவர் நிற்கவில்லை. பழைய நேரத்தைப் பிடிக்க அலையாமல், அந்த வயதில் எது முடியுமோ அதைக் குறியாக வைத்துக் கொண்டார்.

50 வருடத்தில் 24 நிமிடம்!

பெண்கள் இளைத்தவர்கள் அல்ல.

1967-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஆண்களின் ராஜ்ஜியமாக இருந்தது. கேத்ரின் சுவிட்சர் என்ற மாணவி 261 என்ற எண்ணைக் குத்திக் கொண்டு ஓடினார். நடு ரோட்டில் பந்தய அதிகாரி ஒருவர் பாய்ந்து வந்து அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். கூட ஓடிய நண்பர் அதிகாரியை நெட்டித் தள்ளினார். கேத்ரின் சுமார் 4 மணி 20 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

சரியாக 50 ஆண்டு கழித்து 2017-ல் அதே பந்தயம். அதே 261. வயது 70. ஓடி முடித்த நேரம் 4 மணி 44 நிமிடம். அரை நூற்றாண்டுக்கு வயது வாங்கிக் கொண்ட வட்டி சுமார் 24 நிமிடம்தான்!

ஜப்பானில் மாரிகோ யுகெத்தா என்ற பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார். 60 வயதுக்கு மேல் 3 மணி நேரத்துக்குள் முழு மாரத்தான் ஓடிய முதல் பெண் இவர். ஆண்டு 2019. அதோடு விட்டாரா? 2021-ல், 62 வயதில், 2 மணி 52 நிமிடத்துக்கு இறங்கி விட்டார்.

நம் நாட்டில் சண்டிகாரைச் சேர்ந்த மான் கவுர் பாட்டி ஓட்டத்தைத் தொடங்கியதே 93 வயதில்தான். மகன் சொல்லி ஓட வந்தவர். 2017-ம் ஆண்டு நியூசிலாந்தில் 101 வயதில் 100 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினார். அந்த வயதில் போட்டி போட வேறு ஆள் இல்லை! 2021-ம் ஆண்டு காலமானார்.

வயதுக்கு ஏற்ற குறி

பாஸ்டன் மாரத்தானில் நினைத்தவர்கள் எல்லாம் ஓடி விட முடியாது. வேறு பந்தயத்தில் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடிக் காட்டி இருக்க வேண்டும். அந்த நேரத்தை வயதுக்குத் தகுந்தபடி பிரித்து இருக்கிறார்கள்.

2026-ம் ஆண்டு பந்தயத்துக்கு வைத்த கணக்குப்படி 34 வயது வரை உள்ள ஆண்களுக்கு 2 மணி 55 நிமிடம். 60 முதல் 64 வரை 3 மணி 50 நிமிடம். 80 வயதைத் தாண்டினால் 4 மணி 50 நிமிடம். பெண்களுக்கு ஒவ்வொரு பிரிவிலும் அரை மணி நேரம் கூடுதல்.

இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மற்றவர்கள் 60-வது பிறந்த நாளை நினைத்து ஓய்வு, பென்ஷன் என்று கவலைப்படுவார்கள். ஓட்டக்காரர்களோ, "அப்பாடா, அடுத்த பிரிவுக்குப் போயிடலாம்!" என்று காத்து இருக்கிறார்கள். முந்தின பிரிவில் கடைசியாக வந்தவர் புதுப் பிரிவில் "சின்னப் பையன்" ஆகி விடுகிறார்.

முழங்கால் தேயுமா?

"இந்த வயசிலே ஓடினா முட்டி தேஞ்சிடும் சாமி!" வீட்டுக்கு வீடு கேட்கும் எச்சரிக்கை இது.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் 1984-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 50 வயது தாண்டிய ஓட்டக்காரர் சங்கத்தில் இருந்து 538 பேர். ஓட்டப் பழக்கம் இல்லாதவர்கள் 423 பேர். இரண்டு தரப்பையும் ஆண்டுதோறும் விசாரித்து வந்தார்கள்.

19 ஆண்டு கழித்துப் பார்த்தால், ஓட்டக்காரர்களில் 100-க்கு 15 பேர் இறந்து இருந்தனர். மற்றவர்களில் 100-க்கு 34 பேர் இறந்து இருந்தனர். தன் வேலையைத் தானே செய்து கொள்ள முடியாத நிலையும் ஓட்டக்காரர்களுக்குப் பல ஆண்டு தள்ளித்தான் வந்தது. முழங்கால் தேய்மானமும் ஓட்டக்காரர்களுக்கு அதிகமாக இல்லை. 2008-ம் ஆண்டு இதை வெளியிட்டார்கள்.

ஓட வருகிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் திடமான ஆசாமிகளாக இருக்கலாம். அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஓடினால் சீக்கிரம் போய் விடுவோம் என்ற பயத்துக்கு அந்த ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை.

ஓடிய இடத்திலேயே பிணம்!

அதற்காக, "நான் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் வராது" என்று மார் தட்டவும் கூடாது. அப்படி நினைப்பவர்களுக்கு ஜிம் பிக்ஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவையே ஓட வைத்தவர் இவர். 35 வயது வரை சிகரெட் ஊதித் தள்ளியவர். எடை சுமார் 97 கிலோ. ஓடத் தொடங்கியதும் சிகரெட்டை விட்டார். எடையும் இறங்கியது. 1977-ம் ஆண்டு ஓட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது சக்கைப் போடு போட்டது.

1984-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி. வெர்மான்ட் மாநிலத்தில் வழக்கம் போல ஓடப் போனார். ரோட்டு ஓரத்தில் செத்துக் கிடந்தார். வயது 52.

பிரேதப் பரிசோதனையில் உண்மை வெளியே வந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களில் ஒன்று கிட்டத்தட்ட முழுவதும் அடைத்துக் கிடந்தது. மற்றவற்றிலும் பெரிய அடைப்பு. இவருடைய தகப்பனார் 43 வயதிலேயே மாரடைப்பால் இறந்தவர். ஓட்டம் அவரைக் கொன்றது என்பதை விட, பரம்பரையில் வந்த நோயைச் சோதித்துப் பார்க்காமல் விட்டது கொன்றது என்பதுதான் பொருத்தம்.

2000 முதல் 2010 வரை அமெரிக்காவில் முழு மாரத்தான், பாதி மாரத்தான் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரின் கணக்கை டாக்டர்கள் எடுத்தார்கள். ஓட்டத்தில் இதயம் நின்று விழுந்தவர்கள் 59 பேர். அதில் 42 பேர் பிழைக்கவில்லை. 1 லட்சத்து 84 ஆயிரம் பேர் ஓடினால் ஒருவருக்கு ஆபத்து என்று ஆகிறது. ஆபத்து குறைவுதான். அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்து விட்டால்?

114 வயதில் கார் மோதி பலி!

இதயத்தை டாக்டரிடம் காட்டலாம். ரோட்டை யாரிடம் காட்டுவது?

பவுஜா சிங் என்ற பெயரை ஓடுகிறவர்கள் மறக்க மாட்டார்கள். பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் பியாஸ் பிண்ட் என்ற கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் 5 வயது வரை நடக்கவே முடியாத சவலைப் பிள்ளை. பிறகு விவசாயி.

கண்ணெதிரே மகனைப் பறி கொடுத்தார். இங்கிலாந்தில் இருந்த இன்னொரு மகன் வீட்டுக்குப் போனார். துக்கத்தை மறக்க ஓடத் தொடங்கினார். அப்போது வயது 80-ஐத் தாண்டி விட்டது. லண்டன் பக்கம் வயதான சீக்கியர்கள் சேர்ந்து ஓடும் சங்கம் இருந்தது. பயிற்சியாளரும் கிடைத்தார். பெரியவர் கால் நிற்கவில்லை.

2000-ம் ஆண்டு, 89 வயதில், லண்டன் மாரத்தான். 2003-ல் டொரோண்டோவில் 5 மணி 40 நிமிடம். 2011-ம் ஆண்டு அக்டோபரில், 100 வயதில், அதே டொரோண்டோவில் 8 மணி நேரத்துக்கு மேல் ஓடி முழு மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் புத்தகத்தார் ஏற்கவில்லை. அவர் பிறந்த காலத்தில் கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? 2013-ம் ஆண்டு ஹாங்காங்கில் 10 கிலோ மீட்டர் ஓடி விட்டு, பந்தயத்துக்கு முழுக்குப் போட்டார்.

2025-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி. சொந்தக் கிராமத்தில் ரோட்டைக் கடந்து கொண்டு இருந்தார். வேகமாக வந்த கார் மோதித் தூக்கி எறிந்தது. கார் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 114. போலீசார் வலை வீசித் தேடி மறுநாள் இரவு காரை ஓட்டியவரைக் கைது செய்தனர்.

நோய் கொல்லாத மனிதரை, முதுமை கொல்லாத மனிதரை, ஒரு கார் கொன்று விட்டது!

ரோடு யாருக்கு?

சென்னையிலும் ஓடுகிறவர்களின் பெரிய பயம் இதுதான். பிளாட்பாரத்தில் ஓடலாம் என்றால் கடை, பைக், உடைந்த மூடி. ரோட்டில் இறங்கினால் விடியற்காலையில் பறந்து வரும் கார்கள். ராத்திரி எல்லாம் கண் முழித்து ஓட்டுகிற டிரைவர், இருட்டில் ஓடி வருகிற பெரியவர். இருவரும் சந்திக்கும் இடத்தில்தான் விபரீதம் நடக்கிறது.

விபத்து நடந்தால் என்ன என்பதையும் பொதுமக்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

மோதியவர் காயம்பட்டவருக்கு உடனே சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கவனக் குறைவால் உயிர் போனால் 5 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு. மோதி விட்டுத் தப்பிய வண்டி கடைசி வரை பிடிபடாவிட்டாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் அடைந்தவருக்கு 50 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடு என்று 2022-ம் ஆண்டு ஏப்ரல் முதல் உயர்த்தி இருக்கிறார்கள்.

அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டி வருமே என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் தேவை இல்லை. 2019-ம் ஆண்டு சட்டத் திருத்தப்படி, உதவி செய்தவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108-க்கு ஒரு போன் அடித்தால் போதும்.

5 காரியங்கள்

ஓடுகிறவர்கள் செய்ய வேண்டிய காரியங்களும் உண்டு.

1. புதிதாக ஓட வரும் 40 வயதுக்காரர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்பா, அண்ணன் யாருக்காவது மாரடைப்பு வந்து இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

2. ஓடும் போது நெஞ்சு வலி, தலை சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். "இன்னும் ஒரு கிலோ மீட்டர்தானே" என்ற எண்ணமே ஆகாது.

3. இருட்டில் கறுப்புச் சட்டை வேண்டாம். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையைக் கட்டிக் கொள்ள வேண்டும். பாட்டுக் கேட்கும் ஒயரைக் காதில் இருந்து கழற்றி விட வேண்டும்.

4. எதிரே வரும் வண்டியைப் பார்த்த மாதிரி ஓட வேண்டும். 4 பேர் கை கோத்த மாதிரி ரோட்டை அடைத்துக் கொண்டு ஓடக் கூடாது.

5. பெயர், வீட்டு போன் நம்பர், ரத்தப் பிரிவு எழுதிய சீட்டை இடுப்பில் வைத்துக் கொள்ள வேண்டும். ஒரே பனியன் போட்ட 20 பேரில் யார் வீட்டுக்குச் சொல்வது என்று தெரியாமல் தவிக்க விடக் கூடாது.

சீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய பாதுகாப்பு, கூட ஓடுகிற கூட்டம்தான். தினமும் வருகிற பெரியவர் 2 நாள் வராவிட்டால், "என்ன ஆச்சு?" என்று போன் போடுகிறவர்கள் இவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், தனி வீட்டில் வாசம் என்று இருக்கும் பலருக்கு அந்த ஒரு போன் பெரிய தெம்பு.

இந்த வாரம் 32 கிலோ மீட்டர். அடுத்த வருடம் அதுவே 28 ஆகலாம். அதற்கு அடுத்த வருடம் ஓட்டம் போய் நடை ஆகலாம். அப்போதும் அந்த டீக்கடை ஓரத்தில் நின்று, "இந்த வாரம் எவ்வளவு?" என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்கள் ஒரே ஒரு உதவி செய்தால் போதும். விடியற்காலையில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்!